தாய்லாந்தில் பாரம்பரிய மசாஜ்: அம்மாவையும் கூட்டிப்போகலாமா?

கடலோடி77 கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். பாங்காக்கில் 3 நாள், சியாங் மாயில் 4 நாள். எண்ணெய் மசாஜ் வேண்டாம். கீழே படுக்கவைத்து, உடுத்திய துணியோடேயே அழுத்தி, இழுத்து, மடக்கி விடுவார்களே, அந்தப் பாரம்பரிய மசாஜ்தான் வேண்டும்.

தெருவுக்கு நாலு கடை இருக்கும் என்கிறார்கள். அதில் ஒழுங்கான கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? 60 நிமிடம் போதுமா, 120 எடுக்க வேண்டுமா? மனைவிக்குப் பெண்தான் செய்துவிட வேண்டும். அம்மாவுக்கு 63 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவருக்குச் செய்யலாமா? கழுத்தை நெட்டி முறிப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதில் அம்மா இப்போதே பின்வாங்குகிறார்.

சியாமளன்:

முதலில் கடை. 2016-ல் வந்த சட்டப்படி அங்கே மசாஜ் கடைக்கு உரிமம் கட்டாயம். பொதுச் சுகாதார அமைச்சின் கீழ் கொடுக்கப்படும் அந்த உரிமத்தை வருபவர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். செய்துவிடுபவரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுவான தாய் மசாஜுக்கான அங்கீகரிக்கப்பட்ட பாடம் 150 மணி நேரம். ஆகவே உள்ளே நுழைந்ததும் கல்லாவுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட உரிமக் காகிதங்கள் வரிசையாகத் தொங்கினால் நல்லது. தாய் எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் அரசு முத்திரையும் புகைப்படமும் தெரியும்.

காகிதத்தைவிட நம்பகமான அடையாளம் கூடத்தின் அமைப்பு. பாரம்பரிய மசாஜ் நடக்கும் கடையில் மெத்தைகள் தரையிலோ தாழ்ந்த மேடையிலோ வரிசையாக இருக்கும், நடுவில் துணித்திரை தொங்கும். நடுத்தர வயதுப் பெண்கள் வேலை செய்வார்கள், குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். விலைப்பலகையில் பாரம்பரியம், எண்ணெய், பாதம், மூலிகை ஒத்தடம் என்று தனித்தனியாக நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கும். வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து தனியாகப் போகும் ஆண்களை மட்டும் கூப்பிடுகிறார்கள், உள்ளே எல்லாம் கதவு போட்ட அறைகள் என்றால் அது வேறு வியாபாரம். கடந்து போய்விடுங்கள், விவாதம் வேண்டாம்.

விலை: சாதாரணக் கடையில் பாரம்பரிய மசாஜ் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 250 முதல் 400 பாட். சியாங் மாயில் இன்னும் கொஞ்சம் மலிவு. பெரிய விடுதிகளின் ஸ்பாவில் இதே வேலைக்கு ஆயிரங்களில் கேட்பார்கள். அங்கே கூடுதலாகக் கொடுப்பது அறைக்கும் துண்டுக்கும் இஞ்சித் தேநீருக்கும்தான், கைவேலைக்கு அல்ல. இது என் கருத்து, சண்டைக்கு வரவேண்டாம்.

நேரம்: 60 நிமிடத்தில் முழு உடம்புக்கும் செய்யச் சொன்னால் எல்லா இடத்திலும் அரைகுறையாகத்தான் கை படும். காரணம் இருக்கிறது. பாதத்தில் தொடங்கி கால்களுக்கு மட்டுமே பாதி நேரம் போய்விடும். அதுதான் இந்த முறையின் இயல்பு. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடுத்து குப்புறப் படுக்கவைத்து முதுகு, கடைசியாக உட்காரவைத்துத் தோள், கழுத்து, தலை. அவசரத்தில் அடிபடுவது இந்தக் கடைசிப் பகுதி. முதல் தடவைக்கு 90 நிமிடம் சரியான அளவு. 60 நிமிடம்தான் முடியும் என்றால் 'முதுகும் தோளும் மட்டும்' என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

உடை அவர்களே கொடுப்பார்கள்: தொளதொள சட்டை, இடுப்பில் மடித்துக் கட்டும் அகலக் கால்சட்டை. கால்சட்டையின் இடுப்பு உங்களைப்போல் இரண்டு பேர் நுழையும் அளவு இருக்கும். ஒரு பக்கமாக இழுத்து, மறுபக்கம் மடித்து, கயிற்றை முன்னால் கட்டி, மேல் விளிம்பை அதன்மேல் மடித்துவிட வேண்டும். கயிற்று முடிச்சு முதுகுப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மல்லாந்து படுக்கும்போது குத்தும். உள்ளாடையைக் கழற்றத் தேவையில்லை. தாலிச்சரடு, வளையல், கைக்கடிகாரம், பெல்ட் இதெல்லாம் அறையிலேயே இருக்கட்டும். அழுத்தும்போது உலோகம் தோலில் பதியும்.

மனைவிக்குப் பெண் வேண்டும் என்பதில் சிரமமே இல்லை. பெரும்பாலான கடைகளில் செய்பவர்கள் பெண்கள்தான். சொல்ல மட்டும் மறக்காதீர்கள்.

தசைநார்:

அம்மா விஷயத்துக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அதுதான் இங்கே முக்கியம்.

மாத்திரையால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் செய்துகொள்ளலாம். தாய் மசாஜ் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கும் வரம்புகள் உண்டு: அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்து தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு இருந்தால் கூடாது, காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கூடாது. வீட்டில் அளக்கும் கருவி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள், அன்று காலை ஒருமுறை பாருங்கள்.

அம்மாவுக்குத் தவிர்க்க வேண்டிய ஒரு கட்டம் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் உள்ளங்கையை வைத்து அரை நிமிடம், முக்கால் நிமிடம் அப்படியே அழுத்திப் பிடிப்பார்கள். அதற்கு 'காற்றின் கதவைத் திறப்பது' என்று பெயர். கால் முழுக்கப் போகும் பெரிய தமனியை அங்கே நெருக்கிவைத்துச் சட்டென்று விடும்போது பாதம் வரை சூடு இறங்குவது தெரியும். நல்ல உடம்புக்கு அது சுகம்தான். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், காலில் நரம்பு புடைத்தல் உள்ளவர்களுக்கு வேண்டாம். அந்த மடிப்பைத் தொட்டுக்காட்டிக் கையை ஆட்டினால் புரிந்துகொள்வார்கள்.

முழங்கால்: முழங்கால் சில்லின்மேல் நேராக அழுத்தக் கூடாது, குதிகால் பிட்டத்தைத் தொடும் அளவுக்கு மடக்கக் கூடாது. தேய்மானம் உள்ள மூட்டில் முழு மடக்கல்தான் மறுநாள் வீக்கத்துக்குக் காரணம். தொடையின் முன்தசையையும் கெண்டைக்காலையும் மிதமாக அழுத்துவது மூட்டுக்கு நல்லதே. இன்னொன்று, அழுத்துவதைவிட அம்மாவுக்குக் கஷ்டம் தரையிலிருந்து எழுவதாக இருக்கும். உயர்ந்த கட்டில் உள்ள கடையாகப் பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து நிற்க விடாதீர்கள். ஒரு மணி நேரம் படுத்திருந்தவர், அதிலும் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். ஒருக்களித்து, உட்கார்ந்து, 2 நிமிடம் கழித்து நிற்கட்டும்.

கழுத்து: உட்காரவைத்துத் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருகி சொடுக்கு எடுப்பதை வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு மட்டும் இல்லை, உங்கள் மூவருக்கும்தான். திடீர்த் திருகலில் கழுத்து முள்ளெலும்புகள் வழியாக மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் நேர்ந்தால் பக்கவாதம். கிடைப்பதோ ஒரு சத்தம் மட்டும். கட்டைவிரலால் கழுத்துத் தசையை அழுத்துவதில் இந்தப் பயம் இல்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ ஆனவர்கள், கருவுற்றவர்கள் இந்த மசாஜுக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும். நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால் மசாஜ் பக்கமே போகாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அழுத்தியதும் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அந்தக் காலோடு போக வேண்டிய இடம் மருத்துவமனை.

ஓரக்கண்:

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு பார்த்தால் தாய் மசாஜ் எதற்கு? வலிக்கத்தான் செய்யும், வலித்தால்தான் பலன். மெதுவாகச் செய்யச் சொன்னால் தடவிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள்.

சியாமளன்:

ஓரக்கண், இந்த நம்பிக்கையால்தான் பாதிப் பேர் மறுநாள் நொண்டுகிறார்கள்.

அழுத்தம் வேறு, வலி வேறு. நன்றாகச் செய்பவரின் முழங்கை மடங்காது. கையை நேராக நிறுத்தி, இடுப்பை முன்னால் சாய்த்து உடம்பு எடையை இறக்குவார். எடை மெதுவாக ஏறும், கொஞ்சம் நிற்கும், மெதுவாக இறங்கும். அரசவை முறை என்று ஒரு பள்ளி உண்டு. அதில் விரலும் உள்ளங்கையும் மட்டும்தான், முழங்கையோ காலோ கிடையாது. அந்தப் பாடத்தில் குறுகிய அழுத்தம் 10 முதல் 15 விநாடி, நீண்டது 30 முதல் 45 விநாடி என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மக்கள் முறை. முழங்கை, முழங்கால், பாதம் எல்லாம் வரும். அதிலும் இதே தாளம்தான். கையால் குத்தி, விரல் நுனியால் தோண்டி, வேகவேகமாகப் போகிறவரிடம் வலி இருக்கும், பலன் இருக்காது. காரணம் எளிது. வலி ஒரு எல்லையைத் தாண்டியதும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகிவிடும். இறுகிய தசையை மேலும் அழுத்தினால் நீலம் பாரிக்கும்.

கணக்கு சொல்கிறேன். வலியை 10-க்கு அளந்தால் 5, 6 வரை சரி. அழுத்தும்போது உங்களால் மூச்சை ஒழுங்காக வெளியே விட முடிகிறதா என்று பாருங்கள். மூச்சு தானாக நிற்கிறது, கால் விரல்கள் மடங்குகின்றன என்றால் அதிகம். மின்சாரம் பாய்ந்ததுபோல் சுருக்கென்று இழுத்தாலோ மரத்துப்போனாலோ நரம்பின்மேல் விரல் இருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முழங்காலின் பின்குழி, அக்குள், முன்கழுத்து இந்த மூன்று இடத்திலும் ஆழமான அழுத்தம் கூடவே கூடாது. முதுகில் தண்டெலும்பின் இருபுறத் தசையில்தான் கட்டைவிரல் போக வேண்டும், எலும்பின்மேல் அல்ல.

நாலு சொல் தெரிந்தால் போதும். 'பாவ் பாவ்' என்றால் மெதுவாக. 'நக்' என்றால் அழுத்தமாக. 'ஜெப்' என்றால் வலிக்கிறது. 'மாய் ஆவ்' என்றால் வேண்டாம். கடைசியில் ஆண்கள் 'க்ரப்', பெண்கள் 'கா' சேர்த்தால் மரியாதை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா கிடந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் 5 நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் மீதி 85 நிமிடமும் அந்த அளவில் போகும்.

கடலோடி77:

மிக்க நன்றி. அம்மாவிடம் கழுத்து விஷயத்தைப் படித்துக்காட்டினேன், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி. இரண்டு சந்தேகம்: பாங்காக்கில் வாட் போ கோயிலுக்குள்ளேயே மசாஜ் உண்டாமே, அங்கே போகலாமா? சியாங் மாயில் எதைத் தவறவிடக் கூடாது? டிப்ஸ் எவ்வளவு?

பிளாய்க்கிழங்கு:

வாட் போ போகலாம், போகவும் வேண்டும். 46 மீட்டர் நீளச் சயன புத்தர் இருக்கும் அதே கோயில். 1830களில் மூன்றாம் ராமா மன்னர் அதைப் புதுப்பித்தபோது அன்றைய அறிவுத்துறைகளை எல்லாம் கல்லில் வெட்டி வளாகம் முழுக்கப் பதித்துவைத்தார். அதில் ஒரு தொகுதி மசாஜ் புள்ளிகளைக் காட்டும் மனித உருவப் படங்கள். முன்புறம், பின்புறம், உடம்பெங்கும் கோடுகள், ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த நோய்க்கு என்ற குறிப்பு. வாட் போ கல்வெட்டுகளை 2011-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. மசாஜ் கலையே 'நுவாட் தாய்' என்ற பெயரில் 2019 டிசம்பரில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இந்த முறையில் உயிராற்றல் ஓடும் வழிகள் என்று உடம்பில் பத்து முதன்மைக் கோடுகளைச் சொல்வார்கள். முதல் மூன்றின் பெயர் இத்தா, பிங்கலா, சுமனா. இடகலை, பிங்கலை, சுழுமுனை தெரிந்த உங்கள் அம்மாவுக்கு அந்தப் படங்களின் முன்னால் நேரம் போவதே தெரியாது. ஆசான் என்று இவர்கள் கும்பிடுவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான்.

கோயில் வளாகத்திலேயே மருத்துவப் பள்ளி 1955 முதல் இருக்கிறது. மசாஜ் கூடத்தில் கட்டில்கள் பக்கம் பக்கமாக இருக்கும், தனிமை கிடையாது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே வசதி. வெளிக்கடையைவிட விலை கூட, கோயில் நுழைவுக் கட்டணமும் தனி. மதியம் சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டும். காலையில் திறந்ததும் நேராக மசாஜ் கூடத்துக்குப் போய் இடம் சொல்லிவிட்டு, பிறகு புத்தரைப் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

சியாங் மாயில் பழைய நகருக்குள் பெண்கள் சிறையின் தொழிற்பயிற்சி மையம் ஒன்று மசாஜ் நடத்துகிறது. தண்டனை முடியும் தறுவாயில் இருக்கும் பெண்கள் பயிற்சி பெற்றுச் செய்துவிடுகிறார்கள். வேலை சுத்தம், விலை நியாயம். நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், கூட்டம் இருக்கும்.

வடக்கே உள்ள லன்னா மரபில் 'டொக் சென்' என்று ஒன்று உண்டு. மர உளி போன்ற கட்டையைத் தசைக்கோட்டின்மேல் வைத்து மரச்சுத்தியால் டொக், டொக் என்று சீராகத் தட்டுவார்கள். அதிர்வு உள்ளே இறங்கும், அழுத்தும் வலி இருக்காது. உங்களுக்கு நன்றாக இருக்கும். எலும்பு மெலிவு சந்தேகம் இருக்கும் வயதில் அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மாவுக்கு நான் சொல்வது மூலிகை ஒத்தடம். பிளாய் என்ற இஞ்சி இனக் கிழங்கு, மஞ்சள், எலுமிச்சைப்புல், மக்ருட் எலுமிச்சைத் தோல், புளி இலை, உப்பு, கற்பூரம் இவற்றை இடித்துப் பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி 15, 20 நிமிடம் ஆவியில் வைப்பார்கள். இரண்டு மூட்டை மாறி மாறி வரும். ஒன்று உடம்பில், ஒன்று ஆவியில். முதலில் சூடு அதிகம், அதனால் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். ஆற ஆற நிறுத்தி அழுத்துவார்கள். முழங்காலைச் சுற்றி இதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று எச்சரிக்கை. மூட்டு இப்போது சிவந்து வீங்கியிருந்தால் சூடு கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு பட்டது தெரியாமலே கொப்புளம் வரும். மஞ்சள் கறை துணியில் போகாது, ஆகவே அவர்கள் கொடுக்கும் உடையையே போட்டுக்கொள்ளட்டும். முடிந்த உடனே குளிக்காமல் சில மணி நேரம் விடுவது வழக்கம்.

டிப்ஸ் ஒரு மணி நேரத்துக்கு 50 முதல் 100 பாட், செய்துவிட்டவர் கையில் நேராக. கல்லாவில் கொடுத்தால் அவருக்குப் போகும் என்று நிச்சயமில்லை. கட்டணத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தசைநார்:

பிளாய்க்கிழங்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். குப்புறப் படுக்கவைத்து முதுகில் எடை இறக்கப்போகிறார்கள் என்பதால் ஒன்றரை மணி நேரம் விடுவது நல்லது. மது அருந்திவிட்டுப் போவது அதைவிட மோசம், வலி எல்லை தெரியாது. கடற்கரையில் வெயிலில் தோல் வெந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

செய்த மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருப்பது சாதாரணம். 1, 2 நாளில் போய்விடும். அதற்குமேல் நீடித்தால், ஒரு கையோ காலோ மரத்தே இருந்தால், தாங்காத தலைவலியோ பேச்சுக் குழறலோ வந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலி இருக்கும்போதே 'இன்னொரு மசாஜ் எடுத்தால் சரியாகிவிடும்' என்று மறுபடி போகாதீர்கள். இரண்டு முழு மசாஜுக்கு நடுவில் 2 நாளாவது இடைவெளி இருக்கட்டும். நடுவில் வேண்டுமானால் பாத மசாஜ். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே எடுக்கலாம், அம்மா தரையில் இறங்கி எழ வேண்டியதில்லை. பாதத்தில் சிறு மரக்குச்சியால் புள்ளிகளை அழுத்துவார்கள், அங்கேயும் அதே 'பாவ் பாவ்'தான்.

கடலோடி77:

வாட் போ முதல் நாள் காலை, சியாங் மாயில் இரண்டாம் நாள் அம்மாவுக்கு ஒத்தடம், எனக்கு டொக் சென் என்று குறித்துவைத்துவிட்டேன். ஒத்தடத்துக்குத் தனியாக முன்பதிவு வேண்டுமா?

பிளாய்க்கிழங்கு:

சின்னக் கடைகளில் மூட்டையை ஆவியில் வைக்க நேரம் வேண்டும், அதனால் ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். மூட்டை புதிதா, நேற்று இன்னொருவருக்கு வைத்ததா என்றும் கேளுங்கள். ஒருவருக்கு வைத்ததை அடுத்தவருக்கு வைக்கக் கூடாது. முடிந்ததும் பல கடைகளில் அந்த மூட்டையை உங்களிடமே கொடுப்பார்கள். காற்றுப் புகாத பையில் கட்டி விடுதி அறைக் குளிர்பெட்டியில் வைத்தால் அடுத்த 2, 3 நாளுக்கு ஆவிகாட்டி முழங்காலுக்குப் பயன்படுத்தலாம். நிறம் மங்கி வாசம் போய்விட்டால் தூக்கிப்போட்டுவிடுங்கள்.